கோழி இறகு சிக்கிய கார்டு

கையில் இருநூற்றுப் பத்து லரி.
காஸ் பில் கட்டியது போக,
பல் டாக்டரை இன்னொரு மாதம் தள்ளிப்போட்டதும் சேர்த்து.
குத்தாய்சியில் நவம்பர் கடைசி வாரம்.
மருந்துக்கடையில் இரவு ஷிஃப்ட்.
ஓர் இருமல் சிரப்புக்கும் அடுத்த இருமல் சிரப்புக்கும் நடுவே
ரசீதின் முதுகில் கணக்குப் போடுகிறேன்.

ராம், இன்னோர் எட்டு: முப்பத்தைந்து.
எஸ்.எஸ்.டி: அறுபது.
அடித்தேன். திரும்ப எழுதினேன். அடித்தேன்.
கிராபிக்ஸ் கார்டு:
பேனா அங்கேயே நின்றுவிட்டது.

என் பெட்டிக்குப் பதினோரு வயது.
ஸ்விட்சைத் தட்டிவிட்டுக் காபி போட்டு,
பூனைக்கு வைத்து, தலை பின்னி முடித்து வந்தாலும்
அதே வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

தம்பி பச்சானா போஸ்னானில்,
ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்குகிறான்.
ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் குதிரையேறி
ஒரு பனிக் கணவாயைக் கடக்கிறோம்.
மூன்று வருடமாகக் கடக்கிறோம்.
அக்கா, அதோ மேட்டின்மேல் கோபுரம் என்பான்.
எனக்குச் சாம்பல் பூசிய சுவர்தான்.
என் குதிரை ஒரு காலைத் தூக்கிவிட்டு
அடுத்த கால் எதுவென்று யோசிக்கும்.
ஓநாய் என்னைத் தின்று முடித்த பிறகுதான்
நான் ஓநாயைப் பார்ப்பேன்.
எல்லாம் உன் டப்பாவால் என்பான் பச்சானா.

காய்கறிச் சந்தைக்குப் பின்னால் படியிறங்கினால் ஷால்வாவின் கடை.
விளையாட்டையே பார்க்காத கார்டு என்று நீட்டினான்.
மலையில் ஒரு கொட்டகை, மலிவு மின்சாரம்,
நாலு வருடம் ராப்பகலாக நாணயம் தோண்டியதாம்.
விலை விழுந்ததும்
கொட்டகை மறுபடி கோழிகளுக்குப் போய்விட்டது.
விசிறியை விரலால் சுற்றினேன். நின்றது.
இதழிடுக்கில் ஒரு பழுப்பு இறகு.
இறகு இலவசம் என்றான்.
நூற்றெழுபது சொன்னான், நூற்றிருபது சொன்னேன்.
அவன் அம்மாவின் பிரஷர் மாத்திரையை
யாரிடம் கடனுக்கு வாங்குகிறான் என்பது
இருவருக்கும் தெரியும்.
நூற்றுநாற்பது.

யானை வந்தது, அங்குசம்?
பவர் சப்ளையில் அதற்கேற்ற ஆறு முள் வயர் இல்லை:
எட்டு லரி, மறுநாள், அதே படி.
பிறகு கார்டு இரண்டு விரல் நீளம் அதிகம்.
வீட்டுக்காரரின் ரம்பத்தைக் கேட்டு வாங்கி
பால்கனியில் உட்கார்ந்து
ஹார்ட் டிஸ்க் கூண்டை அறுத்தேன்.
இரும்புத் தூள் பூனையின் முதுகில்.
என்ன கொலை நடக்கிறது என்றாள் எதிர்வீட்டு லாமாரா.
பிராசஸர்மேல் மண்ணாய்க் காய்ந்த பசையை
கடை ஸ்பிரிட்டில் பஞ்சு நனைத்துத் துடைத்தேன்,
காயத்தைத் துடைப்பதுபோல் அல்ல,
அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டுவதுபோல்.
புதுப் பசை பன்னிரண்டு லரி, கடலைப்பருப்பளவு போதுமாம்.

முதல் முறை கறுப்பு.
இரண்டாம் முறை மூன்று பீப்.
ராமை எடுத்து, ஊதி, கட்டைவிரலால் அழுத்தினேன்,
டிக் என்று கேட்கும்வரை.
மூன்றாம் முறை விசிறி சுழன்றது,
கொஞ்சம் கொட்டகை வாடையோடு.

ஞாயிறு.
கோபுரம் இருந்தது.
உச்சியில் ஒரு ஜன்னல்கூட, விளக்கெரிய;
அதை அவன் சொன்னதே இல்லை.
பனி ஒவ்வொன்றாக விழுந்தது.
என் குதிரை நான்கு காலாலும் ஓடியது.
மேடேறித் திரும்பிப் பார்த்தால்
கீழே பச்சானாவின் குதிரை
ஒரு காலைத் தூக்கியபடி.
பாறைக்குள் நுழைந்து, பத்தடி தள்ளி முளைத்து,
மறுபடி ஒரு காலைத் தூக்கியபடி.

ஹெட்போனில் ஓர் உறுமல்.
போஸ்னானின் காற்று என்றுதான்
இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அக்கா, இன்றைக்கும் திக்குகிறதே உன் டப்பா?
ஆமாம்டா, ரொம்பப் பழசு, கொஞ்சம் பொறு என்றேன்.
மீதிப் பதினைந்து லரி மேசைமேல்,
ரசீதுக்கு அடியில்.

மரங்களுக்கு நடுவிலிருந்து
ஓர் ஓநாய் அவனை நோக்கி வருகிறது.
இன்னும் வெகுநேரத்துக்கு
அவன் அதைப் பார்க்கப்போவதில்லை.
மைக்கை அணைத்துவிட்டு
வில்லை எடுத்தேன்.